தீர்ந்தது: கீபாஸ்எக்ஸ்சி, கீபாஸ்டிஎக்ஸ், சிங்க்திங் – கணினிக்கும் போனுக்கும் வைஃபை ஒத்திசைவு நின்றுவிட்டது

செம்பருத்தி | சனி, காலை 11.05

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பாதி விவரம் சொன்னால் உங்களுக்குத்தான் சிரமம்.

வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப். அதில் கீபாஸ்எக்ஸ்சி என்ற கடவுச்சொல் பெட்டகச் செயலி. போன் ஆண்ட்ராய்டு 13, அதில் அதே வகைப் பெட்டகத்தைத் திறக்கும் கீபாஸ்டிஎக்ஸ். எங்கள் குடும்பத்துக் கடவுச்சொற்கள் எல்லாம் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்த ஒரே கேடிபிஎக்ஸ் பெட்டகக் கோப்பில் இருக்கின்றன. அப்பாவின் ஓய்வூதியம், மின்கட்டணம், பிஎஃப், ரயில் டிக்கெட், காப்பீடு எல்லாம் அதில்தான். இந்தக் கோப்பை, சாதனங்களுக்கு இடையே கோப்புகளை ஒரே மாதிரி வைத்திருக்கும் சிங்க்திங் செயலியை வைத்து வீட்டு வைஃபையிலேயே ஒத்திசைக்கிறேன். வெளி சர்வர் எதையும் தொடக் கூடாது என்று குளோபல் டிஸ்கவரி (வெளி சர்வர் வழியாக மற்ற சாதனத்தைத் தேடுவது), ரிலே (வெளி சர்வர் வழியாகத் தரவை அனுப்புவது) இரண்டையும் அணைத்து வைத்திருக்கிறேன். ஒன்றரை வருடம் ஒரு தொந்தரவும் இல்லை.

போன மாதம் வீட்டுக்குப் புது ஃபைபர் இணைப்பு எடுத்தோம். அன்றிலிருந்து போனில் பார்த்தாலும் கணினியில் பார்த்தாலும் மற்றது "இணைப்பில் இல்லை" என்றே இருக்கிறது. இரண்டிலும் இணையம் நன்றாக வருகிறது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பதிந்துகொண்டே வந்துவிட்டேன். அதுதான் தப்பாகிப் போனது.

புதன்கிழமை அப்பாவின் காப்பீட்டுத் தளத்தின் கடவுச்சொல்லைக் கணினியில் மாற்றினேன். வியாழன் அன்று அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தோம். கவுண்டரில் பாலிசி விவரத்தைத் திறந்து காட்டச் சொன்னார்கள். போனில் இருந்தது பழைய கடவுச்சொல். பதற்றத்தில் அதையே திரும்பத் திரும்பப் போட்டு, ஐந்தாவது முறையில் கணக்கு 24 மணி நேரம் பூட்டிக்கொண்டது. அப்பா சக்கர நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பணம் கட்டித்தான் சேர்த்தோம். இப்போது அவர் நலம். ஆனால் இன்னொரு முறை அப்படி நிற்க என்னால் முடியாது.

சிங்க்திங்கை இரண்டிலும் நீக்கி மறுபடி நிறுவிப் பார்க்கலாமா என்று இருக்கிறேன். யாராவது வழி சொல்லுங்கள்.

---

கம்பிமீட்டர் | சனி, காலை 11.32

முதலில் நிறுவலை நீக்க வேண்டாம் மா. கை வைக்காதே. இப்போது இரண்டு பக்கமும் ஒரு மாதப் பதிவு தனித்தனியாக இருக்கிறது. செய்ய வேண்டிய முதல் வேலை, கணினியில் உள்ள கேடிபிஎக்ஸ் கோப்பை ஒரு பென் டிரைவில் "கணினி" என்று பெயர் வைத்து நகல் எடு. போனில் உள்ளதைக் கேபிள் வழியாக "போன்" என்று பெயர் வைத்து அதே பென் டிரைவில் எடு. அதைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு மேலே படி.

நான் இருபது வருடமாக வீடுகளுக்கு நெட்வொர்க் இழுக்கிறவன். "ஃபைபர் மாற்றினோம், அன்றிலிருந்து" என்று நீ எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. மூன்று கேள்வி:

கணினி எதில் இணைந்திருக்கிறது, கேபிளா வைஃபையா? ஃபைபர்காரர் வைத்துப் போன பெட்டியில்தான் போனும் இணைகிறதா, இல்லை உங்கள் பழைய ரவுட்டரையும் சேர்த்து மாட்டியிருக்கிறீர்களா? இரண்டின் ஐபி முகவரியும் என்ன? போனில் வைஃபை பெயரைத் தொட்டால் வரும். கணினியில் நெட்வொர்க் விவரத்தில் இருக்கும்.

---

நிலாமுற்றம் | சனி, பகல் 12.10

படிக்கவே கஷ்டமாக இருந்தது அக்கா. நான் முன்பு இதே மாதிரி ஒத்திசைவோடு போராடிவிட்டு பிட்வார்டன் என்ற இணையக் கடவுச்சொல் சேவைக்குப் போய்விட்டேன். கணினியில் மாற்றினால் அடுத்த நிமிடம் போனில் இருக்கும். மறையாக்கம் நம் சாதனத்திலேயே நடந்த பிறகுதான் சர்வருக்குப் போகிறது, அதனால் அவர்களாலும் படிக்க முடியாது. வீட்டு நெட்வொர்க் எப்படி இருந்தாலும் கவலை இல்லை. இவ்வளவு முக்கியமான பதிவுகளை வைத்துக்கொண்டு ஏன் இந்தச் சிரமம்?

---

செம்பருத்தி | சனி, பகல் 12.48

அண்ணா, பென் டிரைவில் இரண்டையும் எடுத்துவிட்டேன்.

கணினி கேபிளில், ஃபைபர்காரர் வைத்த பெட்டியில் நேராக மாட்டியிருக்கிறது. அந்தப் பெட்டி வாசல் பக்கம் இருப்பதால் உள் அறைக்கு வைஃபை வரவில்லை. அதனால் பழைய ரவுட்டரை ஒரு கேபிள் போட்டு அதிலிருந்து இழுத்து உள்ளே வைத்தோம். போன்கள் எல்லாம் அந்தப் பழைய ரவுட்டரில்தான்.

கணினி ஐபி 192.168.1.10. போன் 192.168.0.104.

நிலாமுற்றம், நன்றி. யோசிக்காமல் இல்லை. 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற இணையக் கடவுச்சொல் சேவையில் நடந்ததைப் படித்த பிறகுதான் கோப்பு என் கையிலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன். மறையாக்கம் செய்த பெட்டகங்களின் நகலையே அங்கே எடுத்துப் போனார்கள். அப்பாவுக்கும் அப்படித்தான் விருப்பம்.

---

கம்பிமீட்டர் | சனி, பிற்பகல் 1.15

பார்த்தாயா, கணினிக்கு 192.168.1 என்று தொடங்குகிறது, போனுக்கு 192.168.0. ஒரே வீட்டில் இரண்டு நெட்வொர்க் ஓடுகிறது. வெளியே இணையத்துக்குப் போக இரண்டுக்கும் வழி இருக்கிறது, அதனால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். ஆனால் ஒன்றையொன்று தேடும்போது கண்டுகொள்ளாது.

சிங்க்திங் வீட்டுக்குள் மற்ற சாதனத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்றால், "நான் இங்கே இருக்கிறேன்" என்று யுடிபி 21027 போர்ட்டில் (நெட்வொர்க்கில் ஒரு வாசல் எண்) எல்லோருக்கும் கேட்கும்படி அவ்வப்போது கூவும். அந்தக் கூவல் ஒரு ரவுட்டரைத் தாண்டாது. உன் பழைய ரவுட்டர் நடுவில் சுவராக நிற்கிறது. வெளி டிஸ்கவரியும் ரிலேவும் இருந்திருந்தால் எப்படியாவது சுற்றிப் போய்ச் சேர்ந்திருக்கும். நீ அவற்றை அணைத்துவிட்டாய். அது தவறே இல்லை, உன் விருப்பம். ஆனால் ரிலே வழியாகப் போனாலும் தரவு இரண்டு சாதனத்துக்கும் இடையே மறையாக்கம் செய்தே போகும், நடுவில் உள்ளவர் படிக்க முடியாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்.

நல்ல தீர்வு: பழைய ரவுட்டரின் அமைப்புக்குள் போய் அதை "ஆக்சஸ் பாயின்ட்" முறைக்கு மாற்று. அப்புறம் அது தனியாக ஐபி கொடுக்காது, வைஃபையை மட்டும் பரப்பும். எல்லாச் சாதனமும் 192.168.1 என்ற ஒரே வீட்டுக்குள் வந்துவிடும். அந்த முறை இல்லாத ரவுட்டர் என்றால் அதன் டிஎச்சிபியை (சாதனங்களுக்கு ஐபி கொடுக்கும் வேலையை) அணைத்துவிட்டு, ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளை வான் (இணையம் வரும்) துளையில் இருந்து எடுத்து லேன் (வீட்டுச் சாதனங்களுக்கான) துளையில் மாட்ட வேண்டும். அதற்கு முன் ரவுட்டரின் சொந்த ஐபியை 192.168.1.250 போல யாருக்கும் இல்லாத ஒன்றாக மாற்றிவிடு. இல்லையென்றால் அடுத்த முறை அதன் அமைப்புக்குள் போக முடியாமல் தவிப்பாய்.

நிலாமுற்றம் தம்பி, நீங்கள் சொல்வது நல்ல சேவைதான். என் மனைவிக்கு நானே அதைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பெண் கேட்டது வேறு. அவருடையதைச் சரிசெய்து கொடுப்போம்.

---

வன்னிக்காடு | சனி, பிற்பகல் 2.40

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் என்னுடைய கணினியும் கைத்தொலைபேசியும் ஒரே ரவுட்டரில்தான் இருக்கின்றன. சிங்க்திங்கில் இரண்டும் பச்சையாக, "புதுப்பித்த நிலையில் உள்ளது" என்று காட்டுகிறது. ஆனாலும் கைத்தொலைபேசியில் நான் சேர்க்கும் பதிவு கணினிக்கு வருவதில்லை. கணினியில் சேர்ப்பதும் இங்கே தெரிவதில்லை. எங்கே பிழை என்று விளங்கவில்லை.

---

ஒற்றைப்பனை | சனி, பிற்பகல் 3.05

வன்னிக்காடு, சிங்க்திங் பச்சை காட்டினால் அதன் வேலை முடிந்தது. நீங்கள் திறப்பது அது ஒத்திசைக்கும் கோப்புதானா என்று பாருங்கள். முதன்முதலில் அந்தக் கோப்பைக் கைத்தொலைபேசிக்கு எப்படிக் கொண்டுவந்தீர்கள்?

---

வன்னிக்காடு | சனி, பிற்பகல் 3.20

எனக்கு நானே வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதைத் தொட்டுத் திறந்தேன். அன்றிலிருந்து கீபாஸ்டிஎக்ஸ் முகப்பில் அந்தப் பெயர் இருக்கிறது. அதைத்தான் திறக்கிறேன்.

---

ஒற்றைப்பனை | சனி, பிற்பகல் 3.41

அதேதான் காரணம். நீங்கள் திறப்பது வாட்ஸ்அப்பின் கோப்புறையில் இருக்கும் நகல். சிங்க்திங் ஒத்திசைப்பது வேறு கோப்புறையில் இருக்கும் கோப்பு. பெயர் ஒன்று, ஆள் வேறு.

அந்த நகலில் நீங்கள் சேர்த்தவை இருக்கும், அதனால் அழிக்க வேண்டாம். கீபாஸ்டிஎக்ஸில் சிங்க்திங் கோப்புறைக்குள் உலாவிப் போய் அங்குள்ள கோப்பைத் திறங்கள். திறந்த பிறகு பட்டியலில் "இன்னொன்றிலிருந்து இணை" என்ற பொருளில் ஒரு வாய்ப்பு இருக்கும், அதில் பழைய நகலைக் காட்டுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் உள்ளே ஓர் அடையாள எண் இருப்பதால் இரட்டிப்பு ஆகாது. இல்லாதது சேரும், இரண்டிலும் இருப்பதில் பிந்தித் திருத்தியது மேலே நிற்கும். எல்லாம் வந்ததை உறுதி செய்துகொண்டு முகப்பில் இருக்கும் பழைய பெயரை நீக்கிவிடுங்கள். அது அங்கேயே இருந்தால் கை மறுபடி அதற்குத்தான் போகும்.

---

வன்னிக்காடு | சனி, மாலை 4.30

வந்துவிட்டது! 9 பதிவுகள் அந்த நகலில் மட்டும் இருந்திருக்கின்றன. நாலு மாதமாக நான் எழுதியது எல்லாம் தனியாக ஒரு மூலையில் கிடந்திருக்கிறது. மிக்க நன்றி. செம்பருத்தி அவர்களின் இழையை எடுத்துக்கொண்டதற்கு மன்னிக்கவும்.

---

செம்பருத்தி | சனி, இரவு 8.15

பரவாயில்லை, எனக்கும் ஒன்று தெரிந்தது.

அண்ணா, ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிவிட்டேன். போன் ஐபி இப்போது 192.168.1.23. ஆனாலும் "இணைப்பில் இல்லை" என்றே இருக்கிறது. அரை மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டேன்.

---

கம்பிமீட்டர் | சனி, இரவு 8.40

சரி, ஒரு சுவர் இடிந்தது. அடுத்தது விண்டோஸ் ஃபயர்வால். புது இணைப்பு மாட்டியதும் "இந்தக் கணினியை மற்றவர்கள் பார்க்கலாமா" என்று ஒரு கேள்வி வந்திருக்கும், வேண்டாம் என்று சொல்லியிருப்பாய். அப்படிச் சொன்னால் உன் வீட்டு நெட்வொர்க்கை அது பேருந்து நிலைய வைஃபை மாதிரி, பொது நெட்வொர்க் என்று எடுத்துக்கொள்ளும். உள்ளே வரும் எதையும் விடாது. அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், ஈதர்நெட் விவரத்தில் "பொது" என்பதைத் "தனிப்பட்டது" ஆக்கு. அப்புறம் ஃபயர்வாலில் சிங்க்திங்குக்குத் தனிப்பட்ட நெட்வொர்க்கில் அனுமதி இருக்கிறதா பார். இணைப்பு வரும் போர்ட் 22000, டிசிபி, யுடிபி இரண்டும்.

போன் பக்கமும் ஒன்று. சிங்க்திங்கின் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. பழையதை வைத்திருந்தால் ஓடலாம், ஆனால் திருத்தங்கள் வராது. சிங்க்திங்-ஃபோர்க் என்று ஒன்று இருக்கிறது, பலரும் அதற்குத்தான் மாறினார்கள். இன்றைக்கு வேண்டாம், எல்லாம் சரியான பிறகு பார்த்துக்கொள்.

---

செம்பருத்தி | சனி, இரவு 9.20

அண்ணா, பச்சை வந்துவிட்டது!! "பொது" என்றுதான் இருந்தது. மாற்றிய பத்தாவது விநாடி இணைந்துவிட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் கோப்புறையில் இப்போது இரண்டு கோப்பு இருக்கின்றன. ஒன்று வழக்கமான பெயர். இன்னொன்றின் பெயருக்கு நடுவில் "சிங்க்-கான்ஃப்லிக்ட்" என்று வந்து, அதன் பின்னால் தேதி, நேரம், சில எழுத்துகள். வழக்கமான கோப்பைத் திறந்தால் போனில் சேர்த்தவை மட்டும் இருக்கின்றன. கணினியில் சேர்த்தது ஒன்றுமே இல்லை. பயமாக இருக்கிறது.

---

ஒற்றைப்பனை | சனி, இரவு 9.38

பயப்பட வேண்டாம், இது எதிர்பார்த்ததுதான். ஒரு மாதம் இரண்டு பக்கமும் தனியாக மாறியிருப்பதைக் கண்டதும், சிங்க்திங் இரண்டையும் காப்பாற்றியிருக்கிறது. கோப்பின் கடைசித் திருத்த நேரத்தைப் பார்த்து, பிந்தியதற்கு உண்மையான பெயரைக் கொடுக்கும். முந்தியதற்கு அந்த நீளப் பெயரைச் சூட்டிப் பக்கத்திலேயே வைக்கும். கணினியில் சேர்த்தவை அந்த நீளப் பெயர்க் கோப்புக்குள் இருக்கின்றன.

கீபாஸ்எக்ஸ்சியில் வழக்கமான கோப்பைத் திறந்து, தரவுத்தளப் பட்டியலில் "தரவுத்தளத்திலிருந்து இணை" என்பதைக் கொடுத்து நீளப் பெயர்க் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். சேமியுங்கள். சரிபார்த்து முடிக்கும் வரை எதையும் அழிக்க வேண்டாம். இணைக்கும் நேரத்தில் போனில் கீபாஸ்டிஎக்ஸ் பூட்டியிருக்கட்டும்.

---

செம்பருத்தி | ஞாயிறு, காலை 7.50

நேற்று இரவே செய்தேன். கணினியில் மட்டும் இருந்த 14 பதிவுகளும் வந்துவிட்டன. போனிலும் தெரிகின்றன. ஆனால், முக்கியமான அந்த ஒன்று, அப்பாவின் காப்பீடு, பழைய கடவுச்சொல்லோடுதான் இருக்கிறது!

புதன் காலை 9.30 வாக்கில் போனில் அந்தப் பதிவில் பாலிசி எண்ணைக் குறிப்பாகச் சேர்த்தேன். அன்றே பகல் 12 மணிக்குக் கணினியில் கடவுச்சொல்லை மாற்றினேன். பிந்தித் திருத்தியது மேலே நிற்கும் என்றீர்களே? கணினியில் மாற்றியதுதானே பிந்தியது? கணக்கு இன்னும் சரியாகத் திறந்த பாடில்லை. இன்னொரு முறை தவறாகப் போட எனக்குத் தைரியம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தொடர்பு உண்டா தெரியவில்லை. இருபடிச் சரிபார்ப்புக்கான 6 இலக்க எண்ணைக் கொஞ்ச நாளாகக் கணினியில் பார்த்துப் போட்டால் எந்தத் தளமும் ஏற்பதில்லை. அதையே போனில் பார்த்துப் போட்டால் ஏற்கிறது.

---

ஒற்றைப்பனை | ஞாயிறு, காலை 8.12

இந்தக் கடைசிப் பத்தியைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். அந்த 6 இலக்கம் ரகசியச் சாவியையும் அந்த நேரத்து மணியையும் சேர்த்துக் கணக்கிடுவது. 30 விநாடிக்கு ஒரு முறை மாறும். கோப்பு ஒன்றே, சாவி ஒன்றே, கணினியில் மட்டும் தவறாக வருகிறது என்றால் கணினியின் கடிகாரம் தவறு.

இரண்டு கேள்வி. விண்டோஸில் மணி இப்போது என்ன காட்டுகிறது? அந்த டெஸ்க்டாப்பில் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருக்கிறதா?

---

செம்பருத்தி | ஞாயிறு, காலை 8.21

இருக்கிறது! தம்பி போன மாதம் லினக்ஸ் மின்ட் போட்டான். அவன் இரவில் அதில் படிப்பான், நான் பகலில் விண்டோஸ். உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

இப்போது சுவர்க் கடிகாரத்தில் 8.20. கணினியில் 2.50. சில நாள் தப்பாகக் காட்டும், சில நாள் தானே சரியாகிவிடும். பழைய கணினி, உள்ளே இருக்கும் பேட்டரி போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

---

ஒற்றைப்பனை | ஞாயிறு, காலை 8.55

வித்தியாசம் சரியாக 5 மணி 30 நிமிடம். பேட்டரி போனால் இவ்வளவு கணக்காகப் பிந்தாது. அந்த ஐந்தரை மணி நேரம் நம் இந்திய நேரத்துக்கும் கிரீன்விச் நேரத்துக்கும் உள்ள இடைவெளி.

மதர்போர்டில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை வைக்கும். காட்டும்போது ஐந்தரை மணியைக் கூட்டிக் காட்டும். விண்டோஸ் அதே கடிகாரத்தைப் பார்த்து, "இது உள்ளூர் நேரம்" என்று அப்படியே எடுத்துக்கொள்ளும். தம்பி இரவு மின்ட்டை மூடும்போது கடிகாரத்தில் பொது நேரம் இருக்கிறது. காலையில் நீங்கள் விண்டோஸைத் திறந்தால் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கிறது. விண்டோஸ் இணையத்தில் நேரத்தைச் சரிபார்க்கும் நாளில் தானே சரியாகிவிடும், அது எல்லா முறையும் உடனே நடக்காது.

இப்போது புதன்கிழமையைப் பாருங்கள். போனில் 9.30-க்குத் திருத்தினீர்கள், போனின் கடிகாரம் சரி, பதிவில் விழுந்த நேர முத்திரை 9.30. கணினியில் உண்மையில் 12 மணிக்கு மாற்றினீர்கள், அது தன் மணிப்படி 6.30 என்று முத்திரை குத்திவிட்டது. இணைக்கும்போது கீபாஸ்எக்ஸ்சி முத்திரையைத்தான் பார்க்கும். 9.30 பிந்தியது என்று போனில் இருந்ததை மேலே வைத்துவிட்டது.

நீங்கள் மாற்றிய கடவுச்சொல் தொலையவில்லை. முந்தியது என்று கருதியதை அது அந்தப் பதிவின் வரலாற்றுக்குள் வைக்கும். கீபாஸ்எக்ஸ்சியில் அந்தப் பதிவைத் திருத்தத் திறங்கள். இடப்பக்கம் "வரலாறு" என்று ஒரு பகுதி இருக்கும். அதில் புதன் 6.30 என்று ஒரு வரி இருக்க வேண்டும். அதைத் தொட்டு "காட்டு" கொடுத்துக் கடவுச்சொல்லைப் பாருங்கள். இப்போதைக்கு "மீட்டமை" கொடுக்க வேண்டாம், கொடுத்தால் பாலிசி எண் குறிப்பு போய்விடும். கடவுச்சொல்லை மட்டும் நகலெடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

---

செம்பருத்தி | ஞாயிறு, காலை 9.10

இருக்கிறது. புதன், 6.32. அதே கடவுச்சொல்தான், நான் வைத்தபோது நடுவில் போட்ட அந்தக் குறியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

தளத்தில் போட்டேன். திறந்துவிட்டது. அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, பாலிசி எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்துப் பார்த்தார்.

---

கம்பிமீட்டர் | ஞாயிறு, காலை 9.45

ஒற்றைப்பனைக்கு என் வணக்கம். நெட்வொர்க்கோடு முடிந்தது என்று நான் நினைத்துவிட்டேன். கடிகாரம் என் மனதுக்கு வரவே இல்லை.

---

ஒற்றைப்பனை | ஞாயிறு, காலை 10.30

இப்போது இதை நிரந்தரமாக நிறுத்திவிடுவோம். இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

தம்பியை மின்ட்டில் டெர்மினலைத் திறக்கச் சொல்லுங்கள். நேரத்தை அமைக்கும் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் லோக்கல் ஆர்டிசி என்ற அமைப்பை 1 ஆக்கினால், லினக்ஸும் மதர்போர்டு கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே வைக்கும். லினக்ஸ் தரப்பில் இதைப் பரிந்துரைப்பதில்லை. கோடையில் மணியை முன்னே தள்ளும் நாடுகளில் இரண்டு இயங்குதளமும் போட்டி போட்டு மாற்றிவிடும் என்பது ஒரு காரணம். இந்தியாவில் அந்த வழக்கம் இல்லை, இலங்கையிலும் இல்லை. உங்களுக்கு இதுவே எளிது.

அப்புறம் விண்டோஸைத் திறந்து, தேதி நேர அமைப்பில் "இப்போதே ஒத்திசை" கொடுங்கள். சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருபடி எண்ணைக் கணினியில் ஒரு முறை சோதியுங்கள், அதைவிட நல்ல சோதனை இல்லை.

அதன்பிறகு மட்டும் கீபாஸ்எக்ஸ்சியில் காப்பீட்டுப் பதிவைத் திறந்து புதுக் கடவுச்சொல்லை இட்டுச் சேமியுங்கள். சரியான நேர முத்திரையோடு போகும், இனி எதுவும் அதை மேலேறி அழிக்காது.

போன மாதம் முதல் பகலில் கணினியில் திருத்திய மற்ற பதிவுகளையும் ஒரு முறை பாருங்கள். போனிலும் கணினியிலும் ஒரே நாளில் தொட்ட பதிவுகளுக்குத்தான் இந்த ஆபத்து. ஒரு பக்கம் மட்டும் தொட்டவை பத்திரமாக இருக்கும்.

---

நிலாமுற்றம் | ஞாயிறு, காலை 11.20

முழு இழையையும் படித்தேன். என்னிடமும் இரண்டு இயங்குதளம் உள்ள மடிக்கணினி இருக்கிறது, மணி தப்பாகக் காட்டுவதை நானும் கண்டுகொள்ளவே இல்லை. இன்றே சரிசெய்கிறேன்.

ஒரு சந்தேகம். இருபடி எண்ணின் சாவியைக் கடவுச்சொல் இருக்கும் அதே கோப்பில் வைப்பது சரியா? அந்த ஒரு கோப்பு போனால் இரண்டும் போய்விடுமே.

---

ஒற்றைப்பனை | ஞாயிறு, பகல் 12.02

என் கருத்து: வங்கிக்கும் முதன்மை மின்னஞ்சலுக்கும் தனியாக வைப்பது நல்லது. மற்றவற்றுக்கு ஒரே கோப்பில் இருந்தாலும், இருபடி இல்லாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல். கடவுச்சொல் தளத்தின் பக்கம் கசிந்தாலும் இரண்டாவது படி தடுக்கும். இதில் வேறு கருத்து உள்ளவர்களும் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

---

செம்பருத்தி | திங்கள், இரவு 7.30

கடிகாரம் சரி. இருபடி எண் கணினியிலும் ஏற்கிறது. காப்பீட்டுப் பதிவு போனில் புதுக் கடவுச்சொல்லோடு வந்துவிட்டது. மற்றதைப் பார்த்ததில் இன்னும் இரண்டு பதிவு இதே மாதிரி பழையதாகி இருந்தன, வரலாற்றிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஆனால் இன்று காலை முதல் போன் மறுபடி "இணைப்பில் இல்லை". செயலியைத் திறந்தால் "இயக்க நிபந்தனைகள் பொருந்தவில்லை" என்ற மாதிரி காட்டுகிறது. நேற்று முழுக்க நன்றாக இருந்தது.

---

கம்பிமீட்டர் | திங்கள், இரவு 7.52

வீட்டு வைஃபையில் மட்டும் ஓடு என்று பெயர் கொடுத்து வைத்திருக்கிறாயா? இன்று போனில் லொகேஷனை அணைத்தாயா?

---

செம்பருத்தி | திங்கள், இரவு 7.58

ஆமாம் அண்ணா, இரண்டும். சார்ஜ் மிச்சமாகட்டும் என்று காலையில் லொகேஷனை அணைத்தேன்.

---

கம்பிமீட்டர் | திங்கள், இரவு 8.20

அதுதான். வைஃபையின் பெயரை வைத்தே ஒருவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்கலாம் என்பதால், லொகேஷன் அனுமதியும் இருந்து, லொகேஷன் ஓடிக்கொண்டும் இருந்தால்தான் ஆண்ட்ராய்டு அந்தப் பெயரைச் செயலிக்குச் சொல்லும். அணைத்துவிட்டால் நீ எந்த வைஃபையில் இருக்கிறாய் என்று சிங்க்திங்குக்குத் தெரியாது, அதனால் படுத்துக்கொள்ளும். பெயர் நிபந்தனையை எடுத்துவிட்டு "எந்த வைஃபையிலும்" என்று வை. வெளியிடத்து வைஃபையில் கணினி அங்கே இருக்கப் போவதில்லை, இணையாது, அவ்வளவுதான்.

அப்படியே பேட்டரி அமைப்பில் சிங்க்திங்குக்குக் "கட்டுப்பாடு இல்லை" என்று கொடு. சில போன்களில் "தானாகத் தொடங்கு" என்று தனியாக ஒரு சுவிட்ச் இருக்கும், அதையும் போடு. திரை அணைந்ததும் செயலியைக் கொல்லும் போன்கள் நிறைய.

கடைசியாக ஒன்று, இதைத் தள்ளிப் போடாதே. சிங்க்திங்கில் அந்தக் கோப்புறைக்கு "கோப்புப் பதிப்புகள்" என்பதை இயக்கு. இயக்கினால், மற்ற சாதனத்திலிருந்து வரும் மாற்றம் மேலே எழுதும்போது பழைய கோப்பை ஒரு மறை கோப்புறையில் எடுத்து வைக்கும். அதே சாதனத்தில் நீயே செய்யும் மாற்றத்துக்கு வைக்காது. ஆகையால் கணினியில் மட்டும் போட்டால் போதாது, போனிலும் போட வேண்டும். அந்தப் பென் டிரைவையும் தூக்கிப் போடாதே. ஒத்திசைவில் ஒரு பக்கம் அழித்தால் மறு பக்கமும் அழியும். மாதம் ஒரு முறை கோப்பை அதில் நகலெடுத்து வை.

---

செம்பருத்தி | செவ்வாய், இரவு 9.05

நேற்று இரவிலிருந்து ஒரு முறைகூட விடவில்லை. பதிப்புகள் இரண்டு பக்கமும் இயக்கிவிட்டேன். சோதிக்க வேண்டும் என்று கணினியில் ஒரு போலிப் பதிவு போட்டுவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். திறந்திருந்த பெட்டகத்தில் "கோப்பு வெளியில் மாறியிருக்கிறது" என்று கேட்டது, மறுஏற்றம் கொடுத்ததும் வந்துவிட்டது. இணைப்பு முழுக்க வீட்டுக்குள்ளேயே, ரிலே இல்லாமல்.

இன்னும் ஒன்றே ஒன்று அண்ணா. நான் ஊரில் இல்லாதபோது மருத்துவமனை போக வேண்டி வந்தால் அம்மாவின் போனிலும் இது இருக்க வேண்டும். அம்மா தெரியாமல் எதையாவது மாற்றிவிட்டால் எல்லாம் கெட்டுவிடுமோ என்றும் பயம்.

---

கம்பிமீட்டர் | செவ்வாய், இரவு 9.30

முழுப் பெட்டகத்தையும் அம்மா போனில் வைக்க வேண்டாம் மா. காப்பீடு, மருத்துவம், ஓய்வூதியம் இவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு கேடிபிஎக்ஸ் கோப்பு செய், தனிக் கோப்புறை, அம்மாவுக்கு நினைவில் நிற்கும் நீளமான ஒரு தொடரை முதன்மைக் கடவுச்சொல்லாக வை. அம்மா போனில் அந்தக் கோப்புறையைச் சேர்க்கும்போது வகையை "பெற மட்டும்" என்று தேர்ந்தெடு. அங்கே என்ன மாறினாலும் உன் பக்கம் வராது, நீ மாற்றுவது அங்கே போகும். கீபாஸ்டிஎக்ஸிலும் அதை வாசிக்க மட்டும் என்று திறக்கலாம்.

போட்டு முடித்ததும் அம்மாவையே திறக்கச் சொல். நீ பக்கத்தில் உட்கார், கை வைக்காதே. பாலிசி எண்ணை எடுத்துக் காட்டும் வரை அவரே செய்யட்டும்.

---

செம்பருத்தி | புதன், காலை 10.15

செய்துவிட்டோம். அம்மாவுக்கு மூன்றாவது முறையில் தானாகவே வந்துவிட்டது. தலைப்பில் "தீர்ந்தது" என்று சேர்க்கிறேன். கம்பிமீட்டர் அண்ணா, ஒற்றைப்பனை, இருவருக்கும் அப்பா தன் நன்றியைத் தனியாக எழுதச் சொன்னார்.